அறுபதைத் தாண்டாத முள்

அவர் வைத்திருப்பது மருந்துக்கடை. ஆனால் தெருவில் அவருக்கு ராக்கெட் என்றுதான் பெயர். திருப்பத்தில் ஸ்கூட்டரைச் சாய்க்கிற சாய்ப்பைப் பார்த்து யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. அப்பேர்ப்பட்டவர், உள்ளே கட்டிலும் அடுப்பும் அலமாரியும் வைத்த ஒரு பழைய கேம்பர் வேனை வாங்கி வந்து, ஊர் ஊராகப் போகலாம் வா என்று மனைவியைக் கூப்பிட்டார். தெருவுக்கெல்லாம் தையல்காரம்மாவான அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வேகம் காட்டுகிற முள் அறுபதைத் தாண்டக் கூடாது.

அவர் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிற ஆளா அவர் என்று அவள் அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஒரு வருஷமாக முள் அறுபதைத் தாண்டவும் இல்லை. அளவு கொடுக்க வருகிற பெண்களிடமெல்லாம், அவர் இப்போது எப்படி மாறிவிட்டார் தெரியுமா என்று அளந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில்கூடக் கம்பியை விடாதவள், வேனில் அவர் பக்கத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கவே ஆரம்பித்திருந்தாள்.

கெடுத்தது மகள்தான். ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து போனில் வழி பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா, எண்பதுல போறீங்களே" என்றாள். தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். முள் அறுபதில் சமர்த்தாக நின்றது.

"போனுக்கு என்னம்மா தெரியும்? அது ஆகாசத்துல இருந்து பார்க்குது" என்றார் ராக்கெட்.

மறுநாளே தையல்காரம்மா அவரிடம் வேனைத் தன் தம்பியின் பட்டறையில் விட்டுவரச் சொல்லி, தானும் மகளின் போனை வாங்கிக்கொண்டு போய் நின்றாள். வாங்கிய நாளிலிருந்து வேனைப் பார்த்துக்கொள்பவன் அவள் கூடப்பிறந்த தம்பிதான். டயர் மாற்றியபோது சைஸ் பெரிசாகியிருக்கும், பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்றான். அவள் குனிந்து டயரில் இருந்த சைஸ் நம்பரையும் கதவோரம் கம்பெனி ஒட்டியிருந்த சைஸ் நம்பரையும் ஒத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான். அப்படியென்றால் முள்ளுக்குப் போகிற கேபிள் தேய்ந்திருக்கும் என்றான். தேய்ந்தால் முள் ஆடும் என்று மாமா ஸ்கூட்டருக்குச் சொன்னது நீதானே என்று கேட்டாள். தம்பிக்கு அவசரமாக ஒரு ஸ்பானரைத் தேட வேண்டியிருந்தது.

ஓட்டிக் காட்டு என்று பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வேன் கிளம்பி பட்டறைச் சுவரைத் தாண்டும்வரை முள் எழுந்திருக்கவே இல்லை. போனில் நாற்பது வந்தபோது முள்ளில் இருபது. ஐம்பதுக்கு முப்பது. எழுபதுக்கு ஐம்பது.

அவளுக்கு விளங்கிவிட்டது. இழுத்து இழுத்து நீண்டுபோன டேப் அளக்க அளக்கத் தப்பைக் கூட்டிக்கொண்டே போகும். நுனியில் ஓர் அங்குலம் வெட்டுப்பட்ட டேப் கைக்கும் சரி, இடுப்புக்கும் சரி, அதே ஓர் அங்குலம்தான் பொய் சொல்லும். டயர் தப்பு முதல் ஜாதி. இது இரண்டாவது. தேய்மானமில்லை, கத்தரிக்கோல்.

"முள்ளைப் பிடுங்கி இருபது தள்ளிச் சொருகியிருக்கு. இதுல உன்னைத் தவிர யாருடா கை வெச்சது?"

தம்பி வேனை ஓரங்கட்டினான். அவள் தைத்துக் கொடுத்த சட்டையில்தான் இருந்தான். அதன் பட்டனைத் திருகிக்கொண்டே சொன்னான். மாமாதான் வந்து கேட்டாராம். அக்கா நிம்மதிக்கு என்றாராம். நிம்மதிதானே, போகட்டும் என்று செய்துவிட்டானாம்.

"செஞ்சுட்டு, ரெண்டு பேரும் சிரிச்சீங்களா?"

"மாமாதான்க்கா... கொஞ்சம்."

அந்தக் கொஞ்சம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தம்பி முள்ளைச் சரியாகச் சொருகிக் கொடுத்தான்.

வீட்டில் ராக்கெட் அசரவில்லை. மருந்துக்கடைக்காரர் அல்லவா, எந்தக் கசப்புக்கும் சர்க்கரை பூசத் தெரியும். உன் பயம் போகத்தானே செய்தேன், போயிற்றா இல்லையா, ஒரு வருஷத்தில் ஒரு கீறல் விழுந்ததா என்று அடுக்கினார். அவள் துணியை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த பயணத்துக்கு அவள் வரமாட்டாள் என்றுதான் தெரு நினைத்தது. பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெரிய சாலைக்கு வந்ததும் பெருமையாக முள்ளைக் காட்டினார்.

"பாரு, அறுபது. நிஜ அறுபது."

அவள் முள்ளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இது யார் வெச்ச அறுபது?"

உன் தம்பிதான், உன் கண் முன்னாலேதானே என்று ஆரம்பித்தவர், பாதியில் தானே நிறுத்திக்கொண்டார். அடுத்த பஸ் நிறுத்தத்தில் நிறுத்தச் சொன்னாள். சாலையைக் கடந்து, திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

ராக்கெட் வேனைத் திருப்பினார். அவள் போன பஸ் நகர்ந்தால் நகர்ந்தார், நின்றால் நின்றார். இடமிருந்தும் முந்தவில்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். அவள் முன் இருக்கையில், டிரைவருக்குப் பின்னால், ஒருமுறைகூடத் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாத அந்த டிரைவர் எத்தனையில் ஓட்டுகிறார் என்று அவள் கேட்கவும் இல்லை.