துர்க்கையின் கன்னத்தில் இரண்டு பொட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு துணியிலிருந்து வந்தது. எட்டுக் கை துர்க்கை, காலடியில் சிங்கம், எல்லாம் கையால் தீட்டியது. இரண்டு கன்னத்திலும் மிளகளவு சிவப்புப் பொட்டு. இடது பொட்டுக்கு மட்டும் சின்னதாக ஒரு வால். இதைத் தீட்டி விற்ற அக்கா, தங்கை இருவரிடமும் காரணம் கேட்டேன். அக்கா சிரித்தாள். தங்கை தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘இருளைக் கிழித்துக்கொண்டு தேவி கண்விழித்’

வேண்டாம். தேவி பிறந்தது தகரக் கூரை போட்ட அறையில், நல்ல பகல் வெளிச்சத்தில்.

இரண்டாவது: ‘தங்கையின் கை நடுங்கியது, ஏனென்றால்’ [கை நடுங்கவில்லை. அழுகை வரவழைக்க நான் செய்த வேலை.]

மூன்றாவது தேறியது: தங்கை நிறம் கலக்க மறந்துவிட்டாள்.

3

கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தத் துணியில் சிவப்பை நேராகத் தீட்டுவதில்லை. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணீரைத் தீட்டிக் காயவைத்து, சாயவேர் போட்ட அண்டாவில் துணியைக் கொதிக்கவிடுவார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். ஏறிய சிவப்பு இறங்காது. படிகாரத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், கழுவினால் போய்விடும் நிறம் ஏதாவது அதில் துளி கலந்துகொள்வார்கள்.

அன்று தங்கை கலக்கவில்லை. ஈரத்தடத்தை வைத்தே தேவியின் புடவை முழுக்கத் தீட்டி முடித்துவிட்டாள். நுனியில் துணி சுற்றிய, தீட்டுகிற மூங்கில் குச்சியை தேவியின் முகத்துக்கு மேலாக எடுத்தபோது ஒரு சொட்டு விழுந்த மாதிரி இருந்தது. குனிந்து பார்ப்பதற்குள் காய்ந்துவிட்டது. விழுந்ததா, பிரமையா?

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு துணியைக் கெடுத்து, அடுக்கின் அடியில் சொருகி ஒளித்தவள் அவள். வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்தபோதுதான் அக்காவுக்குத் தெரிந்தது. “கெடுத்ததுக்குக் கோவம் இல்லடி. ஒளிச்சியே, அதுக்குத்தான்” என்றாள் அக்கா. அன்றிலிருந்து தங்கைக்குத் துணி அலசும் வேலை மட்டும்தான். அதற்குப் பிறகு தீட்டுவதற்கு அவள் கைக்கு வந்த முதல் துணி இது.

4

“அக்கா.”

“என்னடி?”

“அண்டா கொதிச்சிடுச்சா?”

“கொதிக்கும்போது கொதிக்கும். உனக்கென்ன அவசரம்?”

“சும்மாதான் கேட்டேன்.”

“சும்மா கேக்குற மூஞ்சியா இது?”

[இந்த இடத்தில் தங்கையை மூன்று முறை சொட்டைப் பற்றிப் பேசவைத்தேன், மூன்று முறையும் அடித்துவிட்டேன். அவள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். எனக்கே எரிச்சலாக இருக்கிறது.]

துணியை அண்டாவில் போடுமுன் அக்கா அதன்மேல் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள். அது அவள் வழக்கம். படிகாரம் காய்ந்த இடம் மொரமொரவென்று இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு அக்கா மேசைக்கு வருகிறாள்.

5

முடிவு அ: தங்கை சொல்லிவிடுகிறாள். “அக்கா, மூஞ்சில ஒரு சொட்டு விழுந்திருக்கும்னு நினைக்கிறேன்.” அக்கா தடவிப் பார்க்கிறாள். இடது கன்னம். திட்டவில்லை. மூங்கில் குச்சியைப் படிகாரத் தண்ணீரில் தோய்த்து, வலது கன்னத்தில் அதே இடத்தில் ஒரு பொட்டு வைக்கிறாள். “பொட்டுன்னு ஆயிடுச்சு, ரெண்டா இருக்கட்டும்.”

முடிவு ஆ: தங்கை விறகு எடுக்கிற சாக்கில் வெளியே போய்விடுகிறாள். அக்காவின் கை கன்னத்தில் நிற்கிறது. தங்கை திரும்பி வந்து சொல்வாள் என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறாள். பிறகு அவளே வலது கன்னத்தில் பொட்டு வைத்து, அது காய்ந்ததும் துணியை அண்டாவில் இறக்குகிறாள்.

இரண்டிலும் துணி இதே துணிதான். அக்காவும் இதே அக்காதான். எனக்கு முதல் முடிவுதான் வேண்டும், மறைப்பானேன். ஆனால் என் ஆசைக்காகத் தங்கையை நல்லவளாக்க மனம் வரவில்லை. துணி வாங்கிய அன்று தங்கை தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், வாங்கிக் குடித்தேன். அப்போது அவள் சிரித்தாளா, தலையைக் குனிந்துகொண்டாளா? தெரியாது. நான் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ, தம்ளரோடு உள்ளேயிருந்து வருகிறாள். நீங்களாவது அவள் முகத்தைப் பாருங்கள்.