அண்ணலுக்கென ஒதுக்கிய மேடு

கிழக்கே வங்கக்கடல் வெளுத்து விரிய, மேற்கே கழுவெளி ஏரியின் கலங்கல் நீர் கண்கூச மினுங்க, இரண்டிற்கும் இடையே கட்டம் கட்டமாய் வரப்பெடுத்துக் கிடக்கும் மரக்காணத்து உப்பளங்களில், மாசித் திங்களின் ஒன்பது மணி வெயில் உச்சிப்பொழுதின் கடுமையோடு அப்போதே இறங்கிக்கொண்டிருந்தது. கடற்கரைச் சாலையில் புதுவைக்கு விரைவோர் ஊர்தியை நிறுத்திப் படமெடுத்துச் செல்லும் அவ்வெண்குவியல்கள், விடியுமுன் நான்கு மணிக்கே பாத்தியில் இறங்கிய பெண்கள் தலையில் சுமந்து கொட்டியவை என்பதைப் படத்தைப் பார்ப்போர் அறிய வழியில்லை. அறிந்து அவர்கள் செய்யப்போவதும் ஒன்றில்லை, ஆகையால் நாம் அவர்களை நோகவும் வேண்டியதில்லை.

அவ்வுப்பளங்களின் நடுவே ஒரே ஒரு மண்மேடு உண்டு. மற்றெங்குக் கால்வைத்தாலும் சேறு, அன்றேல் உப்புநீர். கடைக்கால் தோண்டிக் கல் அடுக்கத்தக்க கெட்டி நிலம் அம்மேடு ஒன்றே. பதினைந்தடிக்குப் பதினைந்தடி அளவுள்ள அவ்விடத்தில் ஏதேனும் ஒரு கட்டுமானம் எழுப்பிக்கொள்ள, மூன்றாண்டு அலைச்சலுக்குப் பின், உப்புத் தொழிலாளர் சங்கத்திற்கு இசைவு கிடைத்தது. கிடைத்த அன்றே அங்கே எழவேண்டியது இன்னதென்று சங்கத் தலைவர் சகாதேவன் முடிவு செய்துவிட்டார். அண்ணல் அம்பேத்கரின் முழுவுருவச் சிலை. சித்திரையில் வரும் அவர் பிறந்தநாளில் திறப்பு. சிற்பியிடம் முன்பணமும் கொடுத்தாயிற்று. சிலையைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டும் உண்டு. அண்ணலைக் கூண்டின்றி நிறுத்த இயலாத நிலை நம் நாட்டிற்கு ஏன் வந்தது என்பதைப் படிப்போர் நன்கறிவர். அதை விரித்துரைத்து என் வாயைக் கெடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

சகாதேவன் நல்லவர். இளமையில் தேநீர்க் கடையில் தமக்கென்று தனிக் குவளை வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு அதை உடைத்தெறிந்துவிட்டு அடிபட்டவர். அண்ணலின் நூல்களை வரிவரியாய்க் கற்று, கற்றதை உப்பளத்து மக்களுக்கு எளிமையாய் எடுத்துரைப்பவர். ஆயினும் அவர் நடத்தும் கூட்டங்களில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டிருந்தது. எந்த முடிவானாலும் அவர் சொல்வார், 'எல்லாருக்கும் சம்மதம்தான?' என்று கேட்பார், அனைவரும் கைதட்டுவர், முடிவு நிறைவேறிவிடும். கைதூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தது எவர் நினைவிலும் இல்லை. எண்ணச் சொல்வது தலைவரை ஐயுறுவது போலாகும் என்று மக்கள் எண்ணினர். அவரும் அதை மறுத்ததில்லை.

அவ்வுப்பளத்தில் இருபதாண்டாய் உப்புச் சுமப்பவள் கொளஞ்சியம்மாள். நாற்பத்து மூன்று அகவை. விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்புகையில் அவள் நீர் குடிப்பதில்லை, அளத்திலும் குடிப்பதில்லை, நண்பகல் கழிந்து வீடு திரும்பிய பின்னரே முதல் மிடறு. உடன் வேலை செய்யும் பெண்கள் அனைவரும், தமக்குள் பேசிவைத்துக்கொள்ளாமலே, அவ்வாறே செய்துவந்தனர். மறைப்பென்று ஒரு புதரும் இல்லாத வெட்டவெளியில், ஆடவர் நாற்புறமும் நிற்க, பெண்ணொருத்தி எங்கே ஒதுங்குவாள்? அதன் பயனாய் அவளுடைய சிறுநீரகங்களுள் ஒன்று சுருங்கிச் செயலற்றுப் போயிற்று. வெயிலில் நிற்கும் பொழுதெல்லாம் நீர் குடிக்காவிடில் மற்றொன்றும் நிலைக்காது என்று மருத்துவர் அறுதியிட்டுச் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் அடுப்பெரியாது. வேலையில் நின்றால் நீர் குடிக்க இயலாது.

அம்மேட்டில் கழிப்பறை கட்டலாமே என்று அவள் தன் கணவன் முருகையனிடம் பேசிப் பார்த்தாள். பீடத்திற்கான செங்கற்களைத் தன் தோளிலேயே சுமந்து வந்து மேட்டில் அடுக்கியவன் அவன்.

"தலைவரு கிட்ட நான் போய் எப்டி சொல்றது?" என்றான். "செலை வாணாம்னு சொன்னா ஊரு இன்னா பேசும்? ஒன் ஒடம்புக்கு வேற எதுனா வழி பாக்கலாம்."

வேறு வழி எதுவென்று அவனுக்கும் தெரியாதென்பதை அவள் அறிவாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் மேட்டிலேயே கூட்டம் கூடிற்று. சகாதேவன் எழுந்து, ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் மகத் என்னும் ஊரில், கால்நடைகள் குடிக்கும் பொதுக்குளத்தில் மனிதரைக் குடிக்கவிடாத கொடுமையை எதிர்த்து, அண்ணல் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து சென்று தம் கையால் நீரள்ளிப் பருகிய நிகழ்ச்சியை உள்ளம் உருக எடுத்துரைத்தார். ஆண்டுதோறும் அவர் சொல்வதுதான். கொளஞ்சியம்மாளும் ஆண்டுதோறும் கேட்டதுதான். ஆனால் அன்று நா வறண்டு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ள, இடுப்பில் குத்தும் வலியோடு அமர்ந்து கேட்டவளுக்கு, அது எங்கோ நடந்த கதையாய்த் தோன்றவில்லை.

"அப்ப செலைக்கு எல்லாருக்கும் சம்மதம்தான?" என்றார் சகாதேவன். கைகள் தட்ட எழுந்தன.

"எனக்கு சம்மதம் இல்லண்ணே" என்று அவள் எழுந்து நின்றாள்.

பாதியில் நின்றது கைதட்டல். முருகையன் தலைகுனிந்தான்.

"இன்னாம்மா சொல்ற? அண்ணல் செலை வாணாங்கிறியா?"

"அவரு வாணாம்னு சொல்லலண்ணே. அவரு எதுக்கு அந்தக் கொளத்துக்குப் போனாரு? தண்ணி குடிக்கத்தான? இங்க நாப்பது பொம்பளைங்க இருக்கறோம். நாலு மணிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் ஒருத்தியும் ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல. யாரும் தடுக்கல. குடிச்சா ஒதுங்க எடம் இல்ல, அவ்ளோதான். எனக்கு ஒரு கிட்னி போயிடிச்சி. இன்னொண்ணும் போவட்டும்னு சொல்லுங்க, நானும் கை தட்டிட்டு ஒக்கார்றேன்."

"கக்கூஸ் வாணாம்னு யாரும்மா சொன்னது? வேற எடத்துல கட்டிக்கலாம்."

"வேற எடம் எங்க இருக்குது? காட்டுங்கண்ணே."

சகாதேவன் நாற்புறமும் நோக்கினார். முப்பதாண்டு நடந்து பழகிய வரப்புகள்தாம். ஆயினும் ஒரு பெண் ஒதுங்க இடமுண்டா என்று அவற்றை அவர் நோக்கியது அன்றே முதன்முறை. இடம் இல்லை.

"கை தட்டச் சொல்லாதீங்க" என்றாள் அவள். "கை தூக்கச் சொல்லி எண்ணுங்க."

முன்னைய சொல்லைவிட இது அவரை மிகுதியாய்ச் சுட்டது. அரசியலில் ஒருவரைத் தெய்வமாய்த் தொழத் தொடங்கினால் அது அடிமைத்தனத்தில் போய் முடியும் என்று அண்ணல் எச்சரித்ததை எத்தனையோ முறை மற்றவர்க்கு உரைத்தவர் அவர். அவ்வெச்சரிக்கை தம்மையும் குறிக்கக்கூடுமென்று ஒருநாளும் எண்ணியவரல்லர். கூட்டத்தை ஒத்திவைத்திருக்கலாம்; வைத்திருந்தால் எவரும் கேட்டிருக்கமாட்டார். அவரோ, "சரி, எண்ணுவோம்" என்றார்.

சிலைக்கு இருபத்தெட்டுக் கைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று சகாதேவனுடையது. கழிப்பறைக்குக் கைதூக்க வெட்கிச் சிலைக்கே தூக்கிய பெண்கள் சிலரின் கைகளும் இருந்தன. கழிப்பறைக்குக் கைகள் எழுந்தபோது கொளஞ்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். செங்கல் அடுக்கின்மேல் அமர்ந்திருந்த முருகையன், தரையைப் பார்த்தவாறே, கையை மெல்லத் தூக்கினான். முப்பத்தொன்று.

"கக்கூஸுதான் கட்டணும்னு முடிவாயிடிச்சி. நான் தோத்துட்டேன்" என்று சகாதேவன் தம் வாயாலேயே அறிவித்தார். அவர் வாழ்வில் ஆற்றிய உரைகளுள் சிறந்தது அதுவே என்பேன் நான், அவர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

அவரைத் தேற்ற நினைத்த ஒருவர், கட்டடத்திற்காவது அண்ணலின் பெயரை வைக்கலாமே என்றார். "ஏம்பா, கக்கூஸ் மேல அவரு பேரா?" என்று சீறினார் சகாதேவன்.

"பேரே வாணாண்ணே" என்றாள் கொளஞ்சியம்மாள். "கதவுக்கு நல்ல தாப்பாளா போடுங்க, போதும்."

அதன்பின் இரண்டு திங்கள் அவர் அவளோடு பேசவில்லை. ஆனால் தாழ்ப்பாளைத் தாமே கடைக்குச் சென்று தேர்ந்தெடுத்து வந்தார். சிலை இன்னும் சிற்பியின் கூடத்திலேயே நிற்கிறது. போன சிறுநீரகம் திரும்பாது. அதற்கு எவ்வறிஞரின் கருத்தும் மருந்தாகாது. அண்ணலின் பிறந்தநாளன்று, மேட்டில் கழிப்பறை எழுந்து நிற்க, காலை பத்து மணி வெயிலில், கொளஞ்சியம்மாள் பாத்தி நடுவே நின்று ஒரு சொம்பு நீரை ஒரே மூச்சில் குடித்தாள். நூறாண்டுக்கு முன் ஒருவர் குளத்தில் அள்ளிய நீர் மரக்காணத்து அளத்திற்கு வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று. அதுவும் அன்று இரண்டு கைகள் மாறி எழுந்திருந்தால், வந்து சேர்ந்திராது.