மகள் வீட்டு விருந்தாளி

"உங்கட வீட்டை நான் ஒருக்கா வந்து பாக்க வேணும்" என்று லோஜினி மிஸ் சொன்னபோது நிப்றாஸுக்கு முதலில் விளங்கவே இல்லை. எந்த வீடு? தன் கையால் அவன் ரெண்டு வீட்டுக்குக் கல் அடுக்கியிருக்கிறான். அதில் ஒன்றும் அவனுடையது இல்லை. கிண்ணியாவில் பிறந்த ஆம்பிளைக்கு இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. வீடென்றால் அது பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். கூடப்பிறந்தவளுக்கு ஒரு வீட்டை எழுப்பிக் கொடுத்த பிறகுதான் கல்யாணக் கதையே எடுபடும். கல்யாணம் முடித்தால் பொஞ்சாதி வீட்டுக்குப் போய் அங்கே இன்னும் ஒரு அறையை இழுத்துக் கட்ட வேணும். பிரிந்தால் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான். ஊர் வழக்கம் அப்படி. ஆரைப் போய்க் குறை சொல்ல?

நிப்றாஸும் அப்படித்தான் வெளியே வந்தான். பரீதாவும் அவனும் பிரிந்து ரெண்டு வருசம். மகள் ரிஸ்லாவுக்கு இப்போது ஏழு வயது, உம்மாவோடு இருக்கிறாள். இவன் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் வள்ளங்களுக்கு ஐஸ் ஏற்றுகிறான். படுக்கையும் அங்கேதான், வலை போட்டு வைக்கிற கொட்டிலில்.

பிரிந்திருக்கிற, வசதி குறைந்த தகப்பன்மாரைப் பிள்ளைகளோடு பழக வைக்கப் பிரதேச செயலகத்தில் ஒரு திட்டம் வந்திருந்தது. அதற்குப் பொறுப்புத்தான் இந்த லோஜினி மிஸ், திருகோணமலை டவுன் பிள்ளை. அவளுடைய புண்ணியத்தில் சனிக்கிழமைகளில் செயலகக் கந்தோர் அறை ஒன்றில் மகளைப் பார்க்கக் கிடைத்தது. ரெண்டு பிளாஸ்டிக் கதிரை, சுவரில் பல் தீட்டுகிற படம். "படிக்கிறீங்களா மகள்?" என்பான். "ஓம்." "சாப்பிட்டா?" "ஓம்." அதோடு கதை சரி. துறைமுகம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துகிற மனுசனுக்கு அந்த அறைக்குள் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏழு வயசுப் பிள்ளையிடம் வேறு என்னத்தைத்தான் கேட்கிறது? அவனுக்குத் தெரியாது.

"ஒரு ராவு உங்களோட தங்கினா பிள்ளை பழகிடும்" என்றாள் மிஸ். "உம்மாவும் சம்மதம். ஆனா இடம் ஒழுங்கா இருக்கிறதை நான் பாக்க வேணும். இல்லாட்டி இந்த அறைதான்."

இந்த அறைதான் என்றதைக் கேட்டதும் அவன் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது: "ராத்தாட வீட்டிலதான் மிஸ் இருக்கிறன்."

பொய்தான். ஆனாலும் அந்த வீட்டுக்குக் கல் அடுக்கினது அவன்தானே? கூடப்பிறந்த ராத்தா நஜ்முன் நிஸாவிடம் போய் நின்றான். "நீ கட்டின வீட்டில என்னடா கேள்வி?" என்று சொல்லிவிட்டு அவள் புருசன் அஸீமின் முகத்தைப் பார்த்தாள். மச்சான் தங்கமான ஆள். "ஓம் ஓம், கூட்டிக்கொண்டு வா" என்றார். நெல்லுச் சாக்குகளை வெளியே எடுத்து, ஒரு அறையைக் கழுவி, கட்டிலில் புது விரிப்பும் விரித்தார்கள்.

சனிக்கிழமை மிஸ் ரிஸ்லாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அறையைப் பார்த்தாள், குசினியைப் பார்த்தாள், சந்தோசப்பட்டாள். "ரிஸ்லா, வாப்பாட வீடு பிடிச்சிருக்கா?"

பிள்ளை சுத்திவரப் பார்த்தது. "இது மாமிட வீடு" என்றது. "வாப்பா இங்க இருக்கிறல்ல. வாப்பாட சட்டை ஒண்டையும் கொடியில காணல்ல."

போச்சுது. நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லம் என்று நிப்றாஸுக்கு இருந்தது. மிஸ் கேட்க, கொட்டில் கதையைச் சொன்னான். அவள் ஏசவில்லை. "அங்க பிள்ளையை விட ஏலாது" என்று மட்டும் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் ரிஸ்லா வாயைத் திறந்து நீளமாகக் கதைத்தாள். "எங்கட வீட்டில அறை இருக்குத்தானே. வாப்பா கட்டின அறை. அது என்ட வீடு, மூத்தாப்பா சொன்னது. நான் வாப்பாவைக் கூப்பிடுறன்."

பிள்ளை சொன்னது சரிதான் என்றாள் ராத்தா. பரீதாவின் வாப்பா அந்த வீட்டைப் பேத்தியின் பேரில் எழுதிவிட்டாராம்.

"ஐயோ, அது ஏலாது மிஸ்" என்று நிப்றாஸ் பதறினான். "பிரிஞ்ச பொம்பிளை இருக்கிற வீட்டில நான் போய்ப் படுத்தா ஊர் காறித் துப்பும்."

"உங்கட ஊர்ல வீடு ஆருட, இருக்கிறது ஆர் எண்டு எனக்குத் தலை சுத்துது" என்றாள் மிஸ்.

"எனக்கும்தான் மிஸ்" என்றான் அவன். அது மட்டும் பொய்யில்லை.

மிஸ் விடவில்லை. பரீதாவிடம் போய்க் கதைத்துவிட்டு அவனுக்குப் போன் எடுத்தாள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பரீதா அடுத்த ஒழுங்கையில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவாள், காலையில்தான் வருவாள். "வீட்டுக்காரி கூப்பிடுறா, நான் ஆர் மறிக்க எண்டு கேட்டவ" என்றாள் மிஸ். கோபத்தில் கேட்டாளா, இரங்கிக் கேட்டாளா என்று நிப்றாஸ் விசாரித்தான். மிஸ்ஸுக்கும் அது பிடிபடவில்லையாம்.

வெள்ளிக்கிழமை தேய்த்துக் குளித்து, பிஸ்கட் பெட்டியும் வாங்கிக்கொண்டு போனான். கேற்றைத் திறந்து உள்ளே போகலாமா, வெளியிலேயே நிற்கிறதா? இத்தனை வருசம் நடந்த வாசல். அறியாத வீட்டுக்கு வந்தவன் மாதிரி சலாம் சொன்னான்.

"வாங்க, இருங்க" என்று ரிஸ்லா பெரிய மனுசி கணக்கில் கதிரையைக் காட்டினாள். ஒரு தண்ணிக் கோப்பையும் கொண்டுவந்து வைத்தாள். அவன் கதிரை நுனியில் இருந்தான். பிஸ்கட் பெட்டியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

அவன் கட்டின அறையில் யன்னல் கதவு ஒன்று காற்றுக்குப் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. பிணைச்சல் கழன்ற சத்தம். எழும்பிப் போனான்.

"வாப்பா, இருங்க. வீட்டுக்கு வந்த ஆக்களை வேலை செய்ய விடக்கூடா, உம்மா சொன்னவ."

திரும்பி வந்து இருந்தான். "நான் வந்த ஆளா மகள்?" என்று கேட்டான்.

"வந்ததுதானே?"

"முந்தி இங்க இருந்ததும்தானே?"

"அப்ப நீங்க என்ன?" என்று கேட்டாள் ரிஸ்லா. குத்திக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டாள். அவன் தண்ணிக் கோப்பையை எடுத்துக் குடித்தான். ராச் சாப்பாடும் "இன்னும் கொஞ்சம் வைங்க", "போதும் மகள்" என்ற கதையோடு முடிந்தது.

விடிந்ததும் பிள்ளைக்கு என்ன வந்ததோ தெரியாது, அலுமாரிக்குள் இருந்து ஸ்குரு டிரைவரைக் கொண்டுவந்து நீட்டியது. "அந்த யன்னலைச் செய்ங்க. ராவெல்லாம் அடிக்குது. உம்மாவுக்குச் செய்ய ஏலாது."

அவன் பிணைச்சலைப் பிடித்தான். அவள் ஸ்குரு ஆணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்க் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்கக் கதையும் வந்தது, அல்லாவே, என்ன கதை! கணக்கு டீச்சர் ஏசினது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, நோன்புப் பெருநாளைக்கு எடுத்த சட்டை இறுக்கினது. கந்தோர் அறையில் ஓம் என்றதுக்கு மேல் போகாத பிள்ளை. அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ம் கொட்டினான், அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கடைசி ஆணியைத் தாங்க மகள், அதோட முடிஞ்சுது."

அவள் தரவில்லை. "இதைப் போட்டா யன்னல் சரியா?"

"ஓம்."

"அப்ப அடுத்த வெள்ளி?"

"வருவன். மிஸ் ஓம் எண்டா சும்மா வருவன் மகள்."

"சும்மா வந்தா நீங்க வந்த ஆள். கதிரையிலதான் இருக்க வேணும்."

கேற்றுக்கு வெளியே பரீதா செருமுகிற சத்தம் கேட்டது. ரிஸ்லா அந்த ஸ்குரு ஆணியைப் பொத்தின கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.