முன்கதையில் ஒருத்திக்குத்தான் இடம்

வெள்ளைக்கண்ணுவுக்கு மூன்று மனைவிகள். மூவரும் ஒருத்திதான். பெயர் பின்னியக்காள்.

அவர் வீடு டி.வி.யில் வரும் ஒரு விண்வெளித் தொடருக்குள் இருந்தது. இரண்டாவது சீசனில் வீடு ஒரு காலத்துளைக்குள் புகுந்து வெளியே வந்தது. வந்து பார்த்தால் அடுப்படியில் மூன்று பேர். நேற்றைய பின்னியக்காள், இன்றைய பின்னியக்காள், நாளைய பின்னியக்காள். அப்போது ஜனங்கள் கைதட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

நேற்றையவள் சண்டை போடுவாள். இன்றையவள் சமைப்பாள். நாளையவள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். சோறு மட்டும் ஓர் அகப்பை கூடுதலாக வைப்பாள். வெள்ளைக்கண்ணு பழகிக்கொண்டார்.

மூன்றாவது சீசனில் கூடம் நீண்டுகொண்டே போனது. வாசலுக்குப் போய்வரக் கட்டுச்சோறு தேவைப்பட்டது. கைதட்டல் நின்றுபோனது.

நான்காவது சீசன் தொடங்குகிற காலையில், முன்கதைச் சுருக்கம் எழுதுகிற ஆள் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அப்படிச் சட்டை போட்ட எவனையும் வெள்ளைக்கண்ணு நம்பியதில்லை.

“பெரியவரே, ஜனங்களுக்குப் புரியல. பக்கத்துச் சேனல்ல மாமியா பால்ல விஷம் கலக்குறா. புரியுது. எல்லாரும் அங்க போயிட்டாங்க.”

“அதுக்கு?”

“வீட்டுக்கு ஒரு பொம்பளதான். ரெண்டு பேரை எடுத்துரணும். யாருன்னு சொல்லுங்க.”

“மூணு பேரும் என் பொண்டாட்டி. கஞ்சி ஊத்துறவன் நான். உனக்கு எங்கய்யா வலிக்குது?”

அந்த ஆள் கோபப்படவில்லை. சுவரைத் தட்டினார். கூடம் கொஞ்சம் உள்ளே வந்தது.

“அப்ப ஒண்ணு செய்வோம். மூணு சீசனாச்சு, உங்க பேரே ஜனங்களுக்குத் தெரியாது. இவங்க ‘இந்தாங்க, இந்தாங்க’ன்னே ஓட்டிட்டாங்க. பேரைச் சொல்றவங்க இருக்கட்டும்.”

“நானே சொல்றேன்.”

“செல்லாது. தன் பேரை எவனும் சொல்லுவான்.”

“ஒருத்தியும் சொல்லலேன்னா?”

“உங்களை எடுக்கணும். பேரில்லாத ஆளை வச்சு நான் என்னத்த எழுத?”

வெள்ளைக்கண்ணு மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். திருவிழாவில் அவர் தொலைந்தபோதுகூட பின்னியக்காள் “இந்தாங்க” என்றுதான் கத்தினாள். திருவிழாவே திரும்பிப் பார்த்தது. இவளாவது, பேரைச் சொல்வதாவது.

நேற்றையவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “பால் என்ன நிறம்? அதான் முன்பாதி. பின்பாதி...” கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

“புதிர் வேண்டாம்மா. போன சீசன்ல புதிராலதான் கெட்டோம்” என்றார் அந்த ஆள்.

நேற்றையவள் இல்லை. அவள் நின்ற இடத்தில் சுவர் நின்றது.

இன்றையவள் அகப்பையைக் கீழே வைத்தாள். பானையைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். “இவரு பேரு... வெ...” அவரைத் திரும்பிப் பார்த்தாள். “இந்தாங்க, எனக்கு வரலைங்க” என்றாள். அவளும் இல்லை.

வெள்ளைக்கண்ணு தன் கையைப் பார்த்தார். விரல்நுனி மங்கிக்கொண்டிருந்தது.

நாளையவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வெள்ளைக்கண்ணு. தகப்பன் பேரு இருளாண்டி.”

“தெளிவா இருக்கு” என்றார் அந்த ஆள். சட்டையை நீவிவிட்டுக்கொண்டு கிளம்பினார். ஓர் எட்டில் வாசல் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டினார்கள்.

விரல்கள் திரும்பி வந்திருந்தன. வெள்ளைக்கண்ணு அவற்றை மடக்கி நீட்டினார்.

“ஏட்டி, உனக்கு மட்டும் எப்படி வாய் வந்துச்சு?”

“நாளைக்கு நான் தனியாப் போய் நின்ன எல்லா ஆபீஸ்லயும் உங்க பேரைக் கேட்டாங்க. மொதல்ல வரல. அப்புறம் சொல்லிச் சொல்லிப் பழகிருச்சு.”

“எந்த ஆபீஸ்ல? எதுக்கு?”

அவள் தட்டு வைத்தாள். சோறு போட்டாள். கூடுதலாக ஓர் அகப்பை. இன்னும் ஓர் அகப்பை.

அப்புறம் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

“சாப்பிடுங்க” என்றாள். “ஆறிடும்.”