செருப்புப் பெட்டி ரொட்டி

சோப்பு காய்ச்சப் பொறுமை வேண்டும் என்று யாரோ அவளிடம் சொன்னார்களாம். பொறுமைக்கா அவளிடம் பஞ்சம்? ஞாபகம் தப்பிப்போன அப்பாவை மூன்று வருடமாக வைத்துக்கொண்டு, ஒரே கேள்விக்கு ஒரு நாளில் நாற்பது தடவை பதில் சொல்கிறவள். அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றுதான் துணிக்கடை வேலையை விட்டுவிட்டுச் சமையலறையில் சோப்புத் தொழிலைத் தொடங்கினாள்.

அச்செல்லாம் விலை கொடுத்து வாங்குவதில்லை. தயிர்க் கப்பு, பழச்சாறு அட்டைப்பெட்டி, தெருமுனைக் கடையில் தூக்கிப்போடும் செருப்புப் பெட்டி, கையில் கிடைத்ததெல்லாம் அச்சுதான். செருப்புப் பெட்டிக்கு மட்டும் உள்ளே பட்டர் பேப்பர் விரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காகிதத்தை மூலை மடித்து உட்கார வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். கையில் ஒரு விண்ணப்பம். முதியோர் இல்லத்தில் ஓர் இடம் காலியாம்.

"நீ ஒருத்தி எப்படிச் சமாளிப்பே? போன மாசம் கேஸைத் திறந்து விட்டாரு. அதுக்கு முந்தி வீட்டை விட்டே போயிட்டாரு. அடுத்தது என்னன்னு பயமா இருக்கு."

"ஒரே ஒரு வாரம் குடு அண்ணா. ஒண்ணும் ஆகாம பார்த்துக்கறேன். ஏதாவது ஆச்சுன்னா நானே கையெழுத்துப் போடறேன், போதுமா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். வாசல் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். கத்திகளும் தீப்பெட்டியும் காஸ்டிக் சோடா டப்பாவும் அலமாரிக்குள். அலமாரிச் சாவி அவள் கழுத்தில்.

திங்கட்கிழமை செருப்புப் பெட்டிகளோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார். நாற்பது வருடம் பேக்கரியில் மாஸ்டராக இருந்தவர்.

"தள்ளும்மா. இப்படியா மடிப்பாங்க?"

கண் மூடித் திறப்பதற்குள் நாலு பெட்டிக்கும் காகிதம் விரித்துவிட்டார். ஒவ்வொரு மூலையும் இஸ்திரி போட்டதுபோல் நின்றது. "இன்னைக்கு நாலுதானா?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது! அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அவர் தூங்கப் போன பிறகு காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, எண்ணெயில் ஊற்றி, தோசைமாவுப் பதம் வரும்வரை கிண்டிப் பெட்டிகளில் ஊற்றினாள். மறுநாள் பெட்டியைக் கிழித்து எடுத்தபோது மஞ்சளாக நாலு நீளக் கட்டிகள் அழகாக வந்தன. காற்றுப் படட்டும் என்று கூடத்தில் திறந்த தட்டில் காகிதத்தோடு அடுக்கினாள். நாலு வாரம் ஆறினால்தான் காரம் அடங்கும். அதற்குமுன் நாக்கில் பட்டால் வெந்துபோகும். கட்டிகளை நறுக்க அப்பாவுடைய பழைய ரொட்டி மாவு வெட்டும் தகட்டையே பக்கத்தில் வைத்தாள்.

எல்லாவற்றையும் பூட்டினாளே பாவி, அந்தக் கட்டிகளைப் பூட்டவில்லை.

ஞாயிறு வந்தது. அப்பா குளித்து, சட்டைப் பொத்தான் சரியாகப் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"பரவாயில்லையே! தெளிவா இருக்காரே."

"நான்தான் சொன்னேனே" என்று அவள் டீ போட ஓடினாள். கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள், பைத்தியக்காரி.

இரண்டு நிமிடம் இருக்குமா? டீயோடு திரும்பினால், அண்ணன் போனில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் ஒரு தட்டில் மஞ்சள் துண்டுகள், ரொட்டி நறுக்கியதுபோல் ஒரே கனத்தில், வரிசையாக. வாடிக்கையாளர் கையில் கொடுக்குமுன் முதல் துண்டை மாஸ்டர் கடித்துப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் பேக்கரிச் சட்டம். கடித்துவிட்டார்.

"ஐயோ அப்பா! துப்புங்க! துப்புங்கப்பா!"

அண்ணன் துள்ளி எழுந்தான். அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, உதட்டோரம் நுரை. ஆனாலும் தலையை ஆட்டினார். கடைக்கு வந்தவர் எதிரில் மாஸ்டர் துப்புவாரா? அவள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டு வாயைக் கழுவினாள். அண்ணன் டாக்டரைப் போனில் பிடித்தான். விழுங்கவில்லை, நல்ல காலம். கழுவிக்கொண்டே இருங்கள், கிளினிக்குக்கு உடனே கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர்.

அண்ணன் ஆட்டோவுக்குச் சொன்னான்; அது வருவதற்குள்ளேயே உதடு வீங்கிப்போயிருந்தது. அப்பா அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"முதலாளி, உப்புக் கூடிப்போச்சு. தப்பு என்னுதுதான். இது புதுப் பொண்ணு. இதை அனுப்பிடாதீங்க."

அண்ணன் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினான். "யாரையும் அனுப்பல மாஸ்டர்" என்றான்.

பிறகு சட்டைப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தான். அவளைப் பார்க்காமல் மேசைமேல் வைத்தான். ஏதாவது ஆனால் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவள் வாயால் சொன்னதுதானே. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் நீட்டிய பேனாவை வாங்கிக் குனிந்தாள்.

அப்பா அவள் காதருகே வந்தார். பேசவே முடியாத அந்த வாயால் மெதுவாகச் சொன்னார்.

"பயப்படாதேம்மா. முதலாளிகிட்ட நான் பேசிட்டேன்."