சின்ன மாப்பிள்ளையின் ஸ்டோர்

"வைஃபையை நிறுத்து! சீக்கிரம்!"

கத்திக்கொண்டே மாமியாரின் போனைப் பறித்தார் பெரிய மாப்பிள்ளை. சிம்மை வெளியே தள்ள ஊசி கிடைக்கவில்லை. மனைவியின் காதிலிருந்து கம்மலைக் கழற்றி, அதன் முனையால் குத்தினார்.

"ஏங்க, வளைஞ்சிடும்!"

"வளையட்டும்."

அரை மணி நேரத்தில் மாமியார் பெயரில் இருநூறு பேருக்கு விஷ லிங்க் பறந்திருந்தது. பல் டாக்டரைக்கூட விட்டுவைக்கவில்லை.

பெரிய மாப்பிள்ளை முகத்தில் பதற்றம் இருந்தது. உள்ளே மட்டும் தேன் வடிந்தது.

அந்தப் போன் கம்பெனியின் ஆப் ஸ்டோரில் சோதனைப் பிரிவுத் தலைவர் அவர். பத்து வருடமாக எந்த ஆப்பும் அந்தப் போனுக்குள் நுழைய அந்த ஸ்டோர்தான் ஒரே வாசல். காவல் அவர் கையில். போன வருடம் சட்டம் மாறியது, யார் வேண்டுமானாலும் ஸ்டோர் திறக்கலாம் என்று. முதல் ஆளாகத் திறந்தவர் கொழுந்தியாளின் கணவர்! அன்று முதல் இந்த வீட்டில் சின்ன மாப்பிள்ளை புராணம்தான். நாலே பேரை வைத்து நடத்துகிறாராம். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது.

நாளை, புதுச் சட்டத்தால் என்ன ஆனது என்று ஆராயும் விசாரணைக் குழு முன் அவர் சாட்சி சொல்ல வேண்டும். 'கதவைத் திறந்துவிட்டதால் பாதுகாப்பு போச்சு' என்று வாதம் தயார். ஆதாரம்தான் இல்லாமல் இருந்தது. இதோ, கையில்!

சின்னவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"வாங்க சகல. உங்க சரக்கோட லட்சணத்தைப் பாருங்க."

"எந்த ஆப்புண்ணா?"

"மாத்திரை அட்டை எழுத்தைப் பெருசாக் காட்டுற லென்ஸ் ஆப். அத்தை போன்ல உங்க ஸ்டோர் இருக்கு. வேற எங்கேருந்து வரும்?"

"அவர் ஸ்டோர்ல செடிக்குத் தண்ணி ஊத்த ஞாபகப்படுத்துறது ஒண்ணுதான் எடுத்தேன் மாப்பிள்ளை," என்றார் மாமியார்.

"சின்னவருக்கு வக்காலத்து வாங்காம ஒரு நாள் போகுமா அத்தை?"

"திறந்தே பாத்துடலாம்ணா. எந்த ஸ்டோர்லேருந்து வந்ததுன்னு விவரப் பக்கத்துல இருக்கும்."

பெரியவர் வெற்றிக் களையோடு திறந்தார். வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தவர் பாதியில் விழுங்கினார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது உங்க கம்பெனி பேருங்க!"

"ஒரு நாளைக்கு ஆயிரம் ஆப் வருது, ஒண்ணு ரெண்டு நழுவும்," என்றார் அவர். "ஏன், உங்ககிட்ட இது வரலையா?"

"வந்துச்சு. லென்ஸ் ஆப் எதுக்கு போன்ல இருக்கற ஊரார் நம்பரெல்லாம் கேக்குதுன்னு நிறுத்திட்டோம்."

பெரியவருக்கு உயிர் வந்தது. "தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தீங்க! எதிர்க்கடை நாறட்டும்னு! நாளைக்கு இதைத்தான் சொல்லப்போறேன். போட்டி வந்தா யாரும் யாரையும் எச்சரிக்க மாட்டாங்கன்னு."

சின்னவர் தயங்கினார். "உங்களுக்கு நாலு மெயில் போட்டேண்ணா. மூணு வாரமா. பதிலே இல்ல. குழு என்னையும் கூப்பிட்டிருக்கு. எச்சரிச்சிருக்கேன்னு சொன்னதும், அந்த மெயில்களைக் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க."

"நாலு மெயிலா? ஒண்ணைக்கூடப் பாக்கலையா மாப்பிள்ளை?"

பெரியவர் எப்படிப் பார்த்திருப்பார்? பதினொரு மாதத்துக்கு முன் ஒரு காலை, அலுவலகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சின்னவர் பெயரில் எது வந்தாலும் திறக்காமலே குப்பைக்குப் போகும்படி மாற்றி வைத்தவர் அவரேதான்.