வெள்ளையடிக்காத கல்

வீரணன் காலையிலிருந்து மலைச்சாலையோரக் கற்களுக்குப் பட்டை அடித்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்பில் ஒன்று, தாரில் ஒன்று. போடியிலிருந்து மேலேறும் லாரிக்காரனுக்கு மூடுபனியிலும் பளிச்சென்று தெரிய வேண்டுமாம். அன்றைக்கு லீவுதான். ஆனால் பெண்டாட்டி செல்லக்கிளி வருகிறாள் என்று அவள் பிறந்த ஊரான சிலமலையிலிருந்து ஆள் சொல்லிவிட்டிருந்தார்கள். சும்மா குந்திக்கொண்டு காத்திருந்தால் பைத்தியமே பிடித்துவிடும்.

ஆடியில் கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போனவள். அப்படிப் போனவள் தானாகப் படியேறமாட்டாள். வந்து எட்ட நிற்பாள், புருஷன்தான் வாய்விட்டு 'வா' என்க வேண்டும். கூப்பிடாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான், அப்புறம் ஊரே கூடினாலும் ஒட்டாது. தகரக் கொட்டகையில் ஒற்றை ஆளாகப் பொங்கித் தின்ற இத்தனை நாளும் அந்த ஒரு சொல்லைத்தான் அவன் வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தான்.

பட்டைக்குப் பட்டை நிமிர்ந்து கீழ் வளைவைப் பார்த்தான். ஒரே பனி. மறுபடி குனிந்தான்.

ஏலத்தோட்டத்து வேலுச்சாமி விறகுக் கட்டோடு சரிவில் இறங்கி வந்தான்.

"என்ன மனுசண்ணே நீ? மதினி அந்த வளைவுல எம்புட்டு நேரம் நின்னுச்சு! நேருக்கு நேரா பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டியே!"

"எங்கடா? அங்கன ஒண்ணுமே இல்லையேடா!"

"சாம்பக் கலர் சேலையில நின்னுச்சு. கூட வந்த அண்ணங்காரன் இழுத்துக்கிட்டுப் போறான். நான் கூப்பிட்டா ஆகுமா?"

வீரணன் கையிலிருந்த பட்டையடிக்கும் மட்டை தார்ச்சட்டியில் விழுந்தது.

"பகல் பூரா கருப்பையும் வெள்ளையையும் வெறிச்சுக்கிட்டு இருந்திருக்க. கண்ணு அதுக்கே பழகிப்போச்சு, மங்கலானது எங்கிட்டுத் தெரியும்? எங்க ஏலக்காட்டு நெழலுல கெடந்த கண்ணுக்கு எல்லாம் தெரியுதுண்ணே. கல்லப் பாக்காத. அந்தப் பனி மஞ்சையே பாரு."

அடப்பாவி, பார்த்துவிட்டுத்தான் குனிந்தேன் என்றல்லவா நினைத்திருப்பாள்! வீரணன் விளிம்புக்கு ஓடினான்.

"ஏ செல்லக்கிளி! வா புள்ள! வந்துரு!"

பனி அதை அப்படியே விழுங்கியது. அழுகையை அடக்கிக்கொண்டு வெறும் பனியையே பார்த்து நின்றான். நேரம் போகப் போக, ஒன்றுமில்லாத இடத்தில் முதலில் ஒரு மரம் தெரிந்தது. பிறகு சாலை. அதற்கும் கீழே, அவன் இன்னும் பட்டை அடிக்காத வளைவில், சாம்பலாக ஏதோ ஒன்று அசையாமல் நின்றது.

கல்லா, அவளா? இமைக்கப் பயந்துகொண்டு மறுபடியும் கூப்பிட்டான்.